போன் நம்பரைக் கொடுத்த பிறகு அது எங்கெல்லாம் போகிறது?

கேள்வி இதுதான்: பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் நம் தகவல்களை உண்மையில் எப்படிப் பாதுகாக்கின்றன, “எல்லாம் என்க்ரிப்ட் செய்யப்பட்டது” (அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது) என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம், கணக்கை அழித்தால் எல்லாம் அழிந்துவிடுமா?

இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வெளியிலிருந்து திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. உள்ளே இருப்பவரே நம் தகவலை எடுத்து எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது தனியுரிமை. முதலாவதில் கூகுள், ஆப்பிள், மெட்டா (ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனம்), மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்றவை பெரும்பாலும் கில்லாடிகள். அவர்களிடம் இருக்கும் ஆளும் பணமும் மற்ற நிறுவனங்களிடம் கிடையாது. இரண்டாவதில், அதுவும் விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனமாக இருந்தால், பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்ற நிலைதான்.

எல்லாவற்றையும் மொத்தமாகச் சொன்னால் தலை சுற்றும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம்: இரட்டைச் சரிபார்ப்புக்காக (பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கேட்பது) ஒரு தளத்தில் நீங்கள் கொடுக்கும் போன் நம்பர்.

நம்பரைத் தட்டி ‘அடுத்து’ என்பதை அழுத்தியதும் அது டி.எல்.எஸ். என்ற உறைக்குள் வைத்து மூடப்பட்டு நிறுவனத்தின் முகப்பு சர்வருக்குப் போகிறது. நடுவில் இருக்கும் வைஃபைக்காரருக்கும் இணைய சேவை நிறுவனத்துக்கும் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம். என்ன தட்டினீர்கள் என்பது தெரியாது. முகப்பு சர்வரில் உறை பிரிக்கப்படும். அதற்கு அப்பால்? ஒரு காலத்தில் டேட்டா சென்டர்களுக்கு இடையே ஓடும் தனிக் கேபிள்களில் தரவு பெரும்பாலும் உறையில்லாமலேதான் ஓடியது. “நம் கேபிள்தானே” என்ற நினைப்பு. அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடன் கசியவிட்டு 2013 அக்டோபரில் வெளிவந்த ஆவணங்கள், கூகுள், யாஹூ நிறுவனங்களின் அந்த உள்தடங்களை அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டதைக் காட்டின. உள்ளே ஓடும் தரவையும் மூடும் வேலை அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தது. இன்று பெரிய நிறுவனங்களில் ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் பேசுவதற்கும் அடையாளச் சான்று காட்ட வேண்டும். உள் நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்புவதில்லை.

அடுத்து, நம்பர் வட்டில் எழுதப்படுகிறது. இங்கே நடப்பது அடுக்குச் சாவி முறை. தரவு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். துண்டுக்கு ஒரு சாவி (ஏ.இ.எஸ். என்ற பூட்டுமுறை), அந்தச் சாவியைப் பூட்ட இன்னொரு சாவி, அதற்கு மேலே ஒரு தலைமைச் சாவி. தலைமைச் சாவி, தன்னை வெளியே எடுத்துக் கொடுக்காத தனிக் கருவியிலோ சாவிகளுக்கென்றே இருக்கும் தனி சேவையிலோ இருக்கும். யாராவது வட்டையே கழற்றிக்கொண்டு போனாலும், பழுதான வட்டு குப்பைக்குப் போனாலும், அதில் கிடைப்பது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான்.

“உங்கள் தரவு என்க்ரிப்ட் செய்யப்பட்டுள்ளது” என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இதைத்தான். பொய்யில்லை, ஆனால் அது காப்பது வட்டுத் திருட்டிலிருந்து மட்டும். தளத்தின் சொந்த சர்வர் தினமும் கோடிக்கணக்கான முறை அந்தச் சாவியைக் கேட்டு வாங்கித் தரவைப் படித்துக்கொண்டே இருக்கிறது. அந்த சர்வருக்குள் நுழைந்தவனுக்கு, அல்லது அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் உள்ள ஊழியருக்கு, பூட்டே கிடையாது. ஆகவே என்க்ரிப்ஷன் இருக்கிறதா என்று கேட்பதைவிட, சாவி யார் கையில் என்று கேளுங்கள்.

சாவி உங்கள் கருவியில் மட்டும் இருந்தால் அதற்குப் பெயர் முனைக்கு முனை என்க்ரிப்ஷன். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலில் இது எல்லாச் செய்திகளுக்கும் வந்தது. சிக்னல் செயலியின் நெறிமுறையையே அதுவும் பயன்படுத்துகிறது. ஃபேஸ்புக் மெசஞ்சரில் இதை இயல்புநிலையாக்கத் தொடங்கியது 2023 டிசம்பரில். இதில் இரண்டு ஓட்டைகளை மக்கள் கவனிப்பதில்லை. ஒன்று, செய்திதான் மூடியிருக்கிறது. யார் யாருடன், எப்போது, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து பேசினார் என்பது நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று பேக்கப். போனில் மூடியிருந்த அதே உரையாடல், கிளவுட் பேக்கப்பில் நிறுவனத்தின் சாவியால் பூட்டப்பட்டுக் கிடந்தால் எல்லாம் வீண். பேக்கப்பையும் மூடும் வசதியை வாட்ஸ்அப் 2021 அக்டோபரில் கொண்டுவந்தது: நீங்களே ஒரு பாஸ்வேர்ட் வைக்கலாம், இல்லையென்றால் 64 இலக்கச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது தானாக இயங்காது. நீங்கள்தான் போய் இயக்க வேண்டும்.

ஆப்பிளும் அப்படியே. அதன் கிளவுட் சேமிப்பான ஐகிளவுட்டில் முனைக்கு முனை மூடப்பட்டிருந்தவை 14 வகைத் தரவுகள். 2022 டிசம்பரில் வந்த ‘மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு’ அதை 23 ஆக்கியது. போன் பேக்கப், படங்கள், குறிப்புகள் எல்லாம் உள்ளே வந்தன. மின்னஞ்சல், தொடர்புகள், நாட்காட்டி மூன்றும் இன்னும் வெளியேதான், ஏனென்றால் பிற நிறுவனங்களின் செயலிகளோடு அவை பேசியாக வேண்டும். இதுவும் நீங்களாக இயக்கினால்தான். இயக்கிய பிறகு கணக்குக்குள் நுழையும் வழியையும் மீட்புச் சாவியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டால் ஆப்பிளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அது குறையில்லை, அந்த வசதியின் பொருளே அதுதான். இதனாலேயே அரசுகளுக்கு இது பிடிப்பதில்லை. 2025 பிப்ரவரியில் பிரிட்டனில் இந்த வசதியைப் புதிதாகத் தருவதை ஆப்பிள் நிறுத்திக்கொண்டது.

போன் நம்பருக்குத் திரும்புவோம். பாஸ்வேர்டை ஒழுங்கான நிறுவனம் சேமிப்பதே இல்லை. அதன் ஹேஷை மட்டும் வைத்திருக்கும். ஹேஷ் என்பது ஒருவழி அரவை. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் எப்படி அரைக்கிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்தவை எஸ்.எச்.ஏ.-1 என்ற வேகமான அரவை முறையில் உருவான ஹேஷ்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டிய ‘உப்பு’ எனப்படும் தற்செயல் எண் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரே பாஸ்வேர்ட் வைத்த அத்தனை பேருக்கும் ஒரே ஹேஷ். ஒன்றை உடைத்தால் எல்லாம் உடையும். முதலில் 65 லட்சம் என்றார்கள்; 2016இல் அதே திருட்டைச் சேர்ந்த 11.7 கோடிக் கணக்குகள் விற்பனைக்கு வந்தன. 2013இல் அடோபி செய்தது வேறு வகைத் தப்பு: ஹேஷ் செய்யாமல், எல்லாருடைய பாஸ்வேர்டையும் ஒரே சாவியால் பூட்டி வைத்தது, பக்கத்திலேயே ‘ஞாபகக் குறிப்பு’ திறந்து கிடந்தது. ஒரே மாதிரிப் பூட்டிய ஆயிரம் பேரின் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தாலே பாஸ்வேர்ட் என்னவென்று தெரிந்துவிடும். குறுக்கெழுத்துப் புதிர் போல. இன்றைய சரியான முறை, வேண்டுமென்றே மெதுவாக அரைக்கும் ஆர்கான்2, எஸ்கிரிப்ட், பிகிரிப்ட் போன்றவை. உங்களுக்கு உள்நுழைய அரை நொடி தாமதம். நூறு கோடி ஊகங்களைப் போட்டுப் பார்ப்பவனுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை.

இந்த அரவை போன் நம்பருக்குப் பலிக்காது. பத்து இலக்க எண் என்றால் மொத்தமே 1,000 கோடி சாத்தியங்கள்தான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி எஸ்.எச்.ஏ.-256 ஹேஷ்களைப் போடும். அதாவது உலகில் இருக்கக்கூடிய அத்தனை பத்து இலக்க எண்ணையும் அரைத்துப் பட்டியல் போட, நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிக்கும் நேரம் போதும். “உங்கள் நம்பரை ஹேஷ் செய்துதான் விளம்பரக் கூட்டாளிகளுடன் ஒப்பிடுகிறோம்” என்று தனியுரிமை அறிக்கையில் படித்தால் இதை நினைவில் வையுங்கள். ஒரு கடை தன் வாடிக்கையாளர் நம்பர்களை ஹேஷ் செய்து ஏற்றுகிறது; தளம் தன்னிடமுள்ள நம்பர்களை அதேபோல் ஹேஷ் செய்து பொருத்திப் பார்க்கிறது. பொருந்த வேண்டும் என்பதால் இருவரும் உப்புச் சேர்க்காமல் ஒரே மாதிரி அரைத்தாக வேண்டும். பெயர் மறைந்ததாக ஆகாது. பட்டப்பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

சேமிப்பில் எவ்வளவு கெட்டியாகப் பூட்டினாலும், தகவல் ஒழுகும் இடம் பெரும்பாலும் வேறொன்று: லாக். பிழை வந்தால் தேடிப் பார்ப்பதற்காக சர்வர்கள் எழுதி வைக்கும் தினக்குறிப்பு. யாரோ ஒரு பொறியாளர், “வந்த கோரிக்கையை முழுசாக எழுது” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். ஹேஷ் ஆவதற்கு முன்னால் இருக்கும் பாஸ்வேர்டும் அதில் விழுந்துவிடும். 2018 மே மாதம் ட்விட்டர் இப்படித்தான் மாட்டிக்கொண்டு, தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. 2019 மார்ச்சில் ஃபேஸ்புக்கில் கோடிக்கணக்கான பாஸ்வேர்ட்கள் உள் அமைப்புகளில் வெறும் எழுத்தாகக் கிடந்தது தெரியவந்தது. அதற்காக அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 செப்டம்பரில் 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. இதைத் தடுக்க, பாஸ்வேர்ட், நம்பர் போன்ற புலங்களுக்கு நிரல் மட்டத்திலேயே முத்திரை குத்துவார்கள். முத்திரை உள்ளதை லாக்கில் எழுத முயன்றால் நட்சத்திரக் குறிகள்தான் விழும். அதற்கு மேலே, லாக்குகளை மேய்ந்து பாஸ்வேர்ட் மாதிரி தெரிவதைப் பிடிக்கும் ஸ்கேனர்கள். பழைய லாக்கைச் சீக்கிரம் அழிப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவான மருந்து. ஆனால் எந்தப் பொறியாளருக்கும் லாக்கை அழிக்க மனசு வராது.

ஊழியர்கள் பார்க்க முடியுமா என்றால், பூட்டப்படாத தரவை யாராவது பார்க்க முடியும் என்பதுதான் நேர்மையான பதில். நல்ல நிறுவனங்களில் நிரந்தர அனுமதி என்பது யாருக்கும் கிடையாது. ஒரு புகார் எண்ணைக் காட்டி, காரணம் எழுதி, இன்னொருவர் ஒப்புதல் கொடுத்தால் குறிப்பிட்ட ஒரு கணக்கு மட்டும் சில மணி நேரத்துக்குத் திறக்கும், திறந்தது பதிவாகும், அந்தப் பதிவைத் திறந்தவரால் அழிக்க முடியாது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமேசானின் ரிங் கேமரா வழக்கே போதும். வீட்டுக்குள் எடுக்கப்பட்ட தனிப்பட்ட வீடியோக்களை ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் தடையின்றிப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. 2023இல் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலரில் வழக்கு முடிந்தது.

ஊழியர் நல்லவராகவே இருந்தாலும் அவரை ஏமாற்றலாம். 2020 ஜூலையில் ட்விட்டர் ஊழியர்களுக்குப் போன் போட்டு ஏமாற்றி, உள் கருவிகளுக்குள் நுழைந்து, சுமார் 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். உலகத் தலைவர்களின் கணக்குகளில் பிட்காயின் மோசடி விளம்பரம் ஓடியது. இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. 2017 முதல் கூகுள் தன் 85,000க்கும் அதிகமான ஊழியர்களுக்குப் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவியைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு வேலைக் கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங்கில் (போலித் தளத்தைக் காட்டி ஏமாற்றுவதில்) பறிபோகவில்லை என்று மறு ஆண்டு சொன்னது. காரணம் எளியது. ஓ.டி.பி.யை நீங்கள் போலித் தளத்திலும் தட்டுவீர்கள். போலித் தளம் அதை உடனே அசல் தளத்தில் தட்டிவிடும். பாதுகாப்புச் சாவி, பிரவுசரில் உண்மையில் திறந்திருக்கும் முகவரியையும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடும். முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கையெழுத்து அசல் தளத்தில் செல்லாது. மனிதர் ஏமாந்தாலும் கருவி ஏமாறாது. இப்போது போன்களில் வரும் பாஸ்கீ இதே நுட்பம்தான்.

இத்தனை காவலையும் மீறிப் பெரிய திருட்டுகள் எப்படி நடக்கின்றன? பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. சாவியை அவர்களே கையில் கொடுத்துவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் ஃபேஸ்புக் சம்பவத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் மூன்று சின்னப் பிழைகள் சேர்ந்து ஒரு பெரிய பிழையாவது இதில் துல்லியமாகத் தெரியும். ‘மற்றவர் கண்ணில் என் பக்கம் எப்படித் தெரியும்’ என்று காட்டும் வசதி ஒன்று இருந்தது. அது பார்க்க மட்டுமே உரியது. ஆனால் பிறந்தநாள் வாழ்த்துப் பெட்டி மட்டும் தவறிப்போய் அதிலும் வேலை செய்தது. அதில் வீடியோ ஏற்ற முடிந்தது. இது முதல் பிழை. 2017 ஜூலையில் வந்த புதிய வீடியோ ஏற்றி, மொபைல் செயலிக்கு உரிய முழு அதிகாரத்தோடு ஒரு டோக்கனை உருவாக்கியது, உருவாக்கியிருக்கவே கூடாது. இரண்டாவது பிழை. அந்த டோக்கன், பார்க்கும் உங்கள் பெயரில் வராமல், யாருடைய கண்ணால் பார்க்கிறீர்களோ அவர் பெயரில் வந்தது. மூன்றாவது. டோக்கன் என்பது பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடும் அனுமதிச் சீட்டு. ஒரு நண்பரின் சீட்டு கிடைத்தால் அவர் கணக்கிலிருந்து அவர் நண்பர்களின் சீட்டு, இப்படியே சங்கிலி. முதலில் 5 கோடி என்று சொல்லி, முன்னெச்சரிக்கையாக இன்னும் 4 கோடி சேர்த்து 9 கோடி சீட்டுகளைச் செல்லாததாக்கினார்கள். உண்மையில் பறிபோனது சுமார் 3 கோடி என்று பிறகு தெரிந்தது. பாஸ்வேர்ட் எவ்வளவு பலமாக இருந்தது என்பதற்கு இங்கே எந்த மதிப்பும் இல்லை.

2023இல் மைக்ரோசாஃப்ட்டில் நடந்தது இதற்கு ஒரு படி மேல். திருடப்பட்டது அனுமதிச் சீட்டு இல்லை. சீட்டு அச்சடிக்கும் அச்சு. 2016இல் உருவான கையெழுத்துச் சாவி ஒன்று ஒரு உளவுக் குழுவின் கையில் சிக்கியது. அது தனிநபர் கணக்குகளுக்கான சாவி. ஆனால் சரிபார்ப்புப் பிழையால் நிறுவனக் கணக்குகளுக்கும் செல்லுபடியானது. அமெரிக்க அரசு அதிகாரிகளின் அஞ்சல் பெட்டிகள் உட்பட 22 அமைப்புகள், 500க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டனர். சாவிகளைக் கைமுறையாக மாற்றும்போது ஒருமுறை சேவையே நின்றுபோனதால், 2021இல் மாற்றுவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். திருட்டைக் கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் இல்லை; அமெரிக்க வெளியுறவுத் துறை. அதுவும், கூடுதல் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் தரப்பட்ட லாக் அவர்களிடம் இருந்ததால். சாவி எப்படித் திருடுபோனது என்பதை மைக்ரோசாஃப்ட்டால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2024 ஏப்ரலில் வந்த அமெரிக்க விசாரணைக் குழு அறிக்கை கண்டித்தது.

பூட்டும் உடையாமல் சாவியும் போகாமல் தரவு வெளியேறும் வழி ஒன்றும் உண்டு. ‘உங்கள் தொடர்புப் பட்டியலை ஏற்றி நண்பர்களைக் கண்டுபிடியுங்கள்’ என்ற வசதியில் யாரோ கோடிக்கணக்கான எண்களை வரிசையாக ஏற்றினார்கள். ஃபேஸ்புக் ஒவ்வொரு எண்ணுக்கும் உரியவர் யார் என்று பொறுமையாகப் பதில் சொன்னது. 2021 ஏப்ரலில் 53.3 கோடிப் பேரின் விவரங்கள் போன் நம்பரோடு பொதுவெளியில் வந்து விழுந்தன. ஹேக் நடக்கவில்லை, கிடைத்ததைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்றது நிறுவனம். நம்பர் போனவருக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்? அயர்லாந்து ஆணையம் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இதுவரை பேசியது காவல். இனி பூனை.

பாதுகாப்புக்காகக் கொடுத்த அந்த நம்பர் விளம்பரப் பிரிவுக்கும் போனது. ட்விட்டர் 2013 முதல் 2019 வரை, கணக்குப் பாதுகாப்புக்கென்று சொல்லி வாங்கிய போன் நம்பர்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரக் குறிவைப்புக்குப் பயன்படுத்தியது. 14 கோடிக்கும் அதிகமானோர் கொடுத்தவை. 2022 மே மாதம் 15 கோடி டாலர் கட்டி எஃப்.டி.சி.யிடம் வழக்கை முடித்துக்கொண்டது. ஃபேஸ்புக் மீதும் அதே குற்றச்சாட்டு, 2019இல் 500 கோடி டாலர் அபராதத்தோடு முடிந்த வழக்கில் இடம்பெற்றது. இது எப்போதும் கெட்ட எண்ணத்தால் மட்டும் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம்பர் ஓர் அட்டவணையில் இருக்கும்போது ‘பாதுகாப்புக்கு மட்டும்’ என்ற நிபந்தனை படிவத்தின் அடியில் இருக்கிறது. ஒருவர் அந்த அட்டவணையை ஆய்வுக் கிடங்குக்கு நகலெடுக்கிறார். இன்னொருவர் அதை வேறொன்றோடு சேர்த்து மூன்றாவது அட்டவணை செய்கிறார். அதற்குள் நம்பர் இருக்கிறது. நிபந்தனை வழியில் உதிர்ந்துவிட்டது. 2022இல் கசிந்த ஃபேஸ்புக் உள் ஆவணத்தில் அதன் சொந்தப் பொறியாளர்களே இதற்கு ஓர் உவமை சொல்லியிருந்தார்கள்: மை பாட்டிலை ஏரியில் ஊற்றிவிட்டுத் திரும்ப பாட்டிலில் எடுக்கச் சொல்வது போல. சரியான தீர்வு, ஒவ்வொரு புலத்துக்கும் ‘எதற்காக வாங்கியது’ என்ற சீட்டு ஒட்டி, நகலெடுத்தாலும் சீட்டு கூடவே போகும்படி செய்வது. நோக்கம் பொருந்தாத நிரல் கேட்டால் தரவு மறுக்கப்படும். பதினைந்து ஆண்டுப் பழைய அமைப்பில் இதைச் செய்வது, ஓடும் ரயிலுக்குச் சக்கரம் மாற்றும் வேலை.

அமைப்புப் பக்கங்களின் சொல்விளையாட்டு தனி ரகம். கூகுளில் ‘இருப்பிட வரலாறு’ என்பதை அணைத்தாலும், ‘இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு’ என்ற வேறொரு பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால் இருப்பிடம் பதிவானது. 2018இல் செய்தி வந்தது; 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுடன் 39.15 கோடி டாலரில் சமரசம்.

தரவைச் சேகரித்தே ஆக வேண்டுமென்றால் தனிநபரைக் காட்டாமல் சேகரிக்கும் கணித முறை உண்டு. பெயரை மட்டும் நீக்குவது போதாது, 2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் தேடல்களைப் பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. அவர்கள் தேடிய சொற்களை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல வழி, தரவிலேயே ‘சத்தத்தை’, அதாவது தற்செயலான பொய்ப் பதில்களை, வேண்டுமென்றே கலப்பது. 1,000 பேரிடம் ஒரு சங்கடமான கேள்வி. ஒவ்வொருவரும் ரகசியமாகக் காசு சுண்டட்டும்: தலை விழுந்தால் உண்மை, பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலைக்கு ‘ஆம்’, பூவுக்கு ‘இல்லை’. மொத்தம் 400 ‘ஆம்’ வந்தால், அதில் சுமார் 250 வெறும் காசு சொன்னது. மீதி 150, உண்மை சொன்ன சுமார் 500 பேரிலிருந்து வந்தது. ஆக உண்மையான விகிதம் சுமார் 30 சதவீதம். எந்தத் தனி ஆளின் ‘ஆம்’ உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. 2014இல் கூகுள் குரோமிலும் 2016இல் ஆப்பிள் ஐபோனிலும் கொண்டுவந்தது இதன் வளர்ந்த வடிவம், பெயர் ‘டிஃபரன்ஷியல் பிரைவசி’. எவ்வளவு சத்தம் கலக்கிறார்கள் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. குறைவாகக் கலந்துவிட்டுப் பெயரை மட்டும் சொல்லிக்கொள்ளவும் முடியும்.

அழிப்பது பற்றி. பொத்தானை அழுத்தியதும் நடப்பது, ‘அழிக்கப்பட்டது’ என்று ஒரு குறி வைப்பது மட்டுமே. உங்கள் கண்ணிலிருந்து மறையும். பிறகு நகல்கள் இருக்கும் சர்வர்கள் ஒவ்வொன்றாகத் துப்புரவாகும். கூகுள் இதற்கு சுமார் 2 மாதம் என்கிறது, அதில் ஒரு மாதம் வரை நீங்கள் மனம் மாறினால் மீட்பதற்கு. பேக்கப்பில் 6 மாதம் வரை இருக்கலாம். ஃபேஸ்புக்கில் மனம் மாற 30 நாள், முழுதும் அழிய 90 நாள் வரை. பேக்கப்பிலிருந்து ஒரு ஆளின் தரவை மட்டும் பொறுக்கி எடுப்பது கடினம் என்பதால், புத்திசாலித்தனமான வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு கணக்குக்கும் தனிச் சாவி வைத்திருந்து, அழிக்கச் சொன்னால் சாவியை மட்டும் அழிப்பது. பேக்கப் அப்படியே கிடக்கட்டும், திறக்க ஆளில்லை.

அழியாதவையும் உண்டு. நீங்கள் மற்றவருக்கு அனுப்பியது அவர் பெட்டியில் இருக்கும். உங்கள் நண்பர்கள் ஏற்றிய தொடர்புப் பட்டியலில் உங்கள் நம்பர் இருக்கும். நீங்கள் அந்தத் தளத்தில் சேரவே இல்லை என்றாலும் இருக்கும். ஒலியை அழித்துவிட்டு அதன் எழுத்துப் பிரதியை வைத்துக்கொள்வதும் நடந்திருக்கிறது; அமேசானின் குரல் உதவியாளரான அலெக்ஸா சேகரித்த குழந்தைகளின் குரல் பதிவுகளில் அதுவும் ஒரு குற்றச்சாட்டு, 2023இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்டியது.

அபராதங்கள் உறைக்கின்றனவா? 500 கோடி டாலர் பெரிய தொகை. ஆனால் அந்த 2019இல் ஃபேஸ்புக்கின் வருமானம் 7,000 கோடி டாலருக்கு மேல். அதோடு ஒப்பிட ஒன்று: 2021 ஏப்ரலில் ஐபோனில், “இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா?” என்ற ஒரே ஒரு கேள்விப் பெட்டி வந்தது. அதனால் 2022இல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே கணக்குச் சொன்னது. அபராதத்தின் இரு மடங்கு. என் மதிப்பீட்டில், சட்டப் புத்தகத்தைவிட இயல்புநிலை அமைப்புக்கு வலு அதிகம். ஆப்பிள் புண்ணியத்துக்குச் செய்தது என்று சொல்ல வரவில்லை. விளம்பரத்தில் பிழைக்காத நிறுவனத்துக்கு இது செலவில்லாத தர்மம்.

உங்கள் பக்கம் செய்யக்கூடியவற்றில், பலன் அதிகம் தருபவற்றை மட்டும் சொல்கிறேன். பாஸ்கீ கிடைக்கும் இடத்தில் அதையே வையுங்கள். இல்லையென்றால், போனிலேயே ஓ.டி.பி. உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி. எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. கடைசித் தேர்வாக இருக்கட்டும். மோசடிக்காரன் ஒருவன் உங்கள் நம்பருக்கு மாற்று சிம் வாங்கிவிட்டால் ஓ.டி.பி. அவனுக்குத்தான் போகும். மாற்று வழியை வைத்த பிறகு நம்பரை அமைப்பிலிருந்து நீக்க மறக்காதீர்கள். பலர் புதுப் பூட்டைப் போட்டுவிட்டுப் பழைய கதவைத் திறந்தே விடுகிறார்கள். மின்னஞ்சல் கணக்குக்கு முதலில் செய்யுங்கள், மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டும் அதன் வழியாகத்தான் மாற்றப்படும்.

வாட்ஸ்அப் அமைப்பில் சாட் பேக்கப் பகுதியில் முனைக்கு முனை பேக்கப்பை இயக்குங்கள். ஐபோனில் ஐகிளவுட் பகுதியின் அடியில் மேம்பட்ட பாதுகாப்பு இருக்கும். மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, போன் இருக்கும் பையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். கூகுள் செயல்பாட்டுப் பதிவில் தானாக அழிக்க 3, 18, 36 மாதம் என்று மூன்று தேர்வுகள் உண்டு, 3 வையுங்கள். தொடர்புப் பட்டியலை ஏற்றும் அனுமதியை அணையுங்கள், அது உங்கள் நண்பர்களுக்குச் செய்யும் உதவி. கணக்கோடு இணைத்த பழைய செயலிகளின் அனுமதியைப் பறியுங்கள். பாஸ்வேர்ட் மாற்றினால் அவை போய்விடும் என்று நம்ப வேண்டாம், அவற்றிடம் இருப்பது தனி டோக்கன்.

கடைசியாக, ‘உங்கள் தகவலைப் பதிவிறக்குங்கள்’ என்ற வசதியை ஒரு முறையாவது பயன்படுத்துங்கள். ஃபேஸ்புக்கில் வரும் கோப்பைத் திறந்து விளம்பரம் தொடர்பான பகுதிக்குப் போனால், உங்கள் தகவலை வைத்து உங்களைக் குறிவைத்த விளம்பரதாரர்களின் பட்டியல் இருக்கும். எந்தக் கடையில் எப்போது நம்பர் கொடுத்தீர்கள் என்று யோசித்தபடியே அதைப் படியுங்கள்; பாதிப் பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள்.